வீடு வரைக்கும் வந்த நர்சம்மா



நம் குழுக் கூட்டங்களில் கடன் கேட்டு வரும் மனுக்களைப் பாருங்கள். ஆடு வாங்க, மாடு வாங்க, கடை வைக்க, பிள்ளைகளின் படிப்புக்கு என்று பல காரணம் இருக்கும். நடுவே ‘மருத்துவச் செலவு’ என்றும் எழுதியிருக்கும். போன மாதம் மாமியாருக்காகக் கடன் வாங்கின அதே அக்கா இந்த மாதமும் அதே மாமியாருக்காக வந்து நிற்பார். “என்னக்கா, அன்னைக்கே குணமாயி வந்துட்டாங்களே?” என்று கேட்டால், “வந்தாங்க, பதினஞ்சு நாள் நல்லாத்தான் இருந்தாங்க, மறுபடியும் மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு” என்பார்.

இந்த “மறுபடியும்” என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குணமாகி வீட்டுக்குப் போனவர் ஏன் திரும்பி வருகிறார்? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கும் மேலாக ஆராய்ச்சி செய்தவர் ஒரு நர்ஸ். டாக்டர் இல்லை, நர்ஸ்! அவர் பெயர் மேரி நெய்லர். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நர்சிங் பேராசிரியை. அவர் என்ன செய்தார், என்ன கண்டுபிடித்தார், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போமா?

சீக்கிரம் அனுப்பு!

முதலில் அந்த ஊர்க் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 65 வயது தாண்டினவர்களுக்கு மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்ள ‘மெடிகேர்’ என்று ஒரு அரசாங்கத் திட்டம் இருக்கிறது. 1965-ல் சட்டமானது. ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆன செலவை எல்லாம் அரசாங்கம் கணக்குப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. நோயாளி பத்து நாள் படுத்திருந்தால் பத்து நாள் காசு. செலவு எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. அதனால் 1983-ல் முறையை மாற்றினார்கள். இன்ன நோய்க்கு இவ்வளவு தொகை என்று மொத்தமாகக் கொடுத்துவிடுவது. நாள் கூலியை விட்டுவிட்டு வேலையை மொத்தமாகப் பேசிக் கொடுப்போம் இல்லையா, அந்த மாதிரி.

மொத்தமாகப் பேசிக் கொடுத்தால் என்ன நடக்கும்? வேலையைச் சீக்கிரம் முடித்தால் நமக்கு லாபம். ஆஸ்பத்திரிகளும் அதையே செய்தன. வயசானவர்களை முன்பைவிடச் சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்பின. பாதி தேறின நிலையிலேயே கட்டிலைக் காலி செய்ய வேண்டிய நிலை. வீட்டில் யார் இருக்கிறார்கள், மருந்து வாங்க யார் போவார்கள், மாடிப்படி ஏற முடியுமா, இதையெல்லாம் யார் கேட்டார்கள்? கையில் ஒரு சீட்டு, ஒரு பை நிறைய மாத்திரை, “பத்து நாள் கழிச்சு வாங்க” என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து நர்சுகள் விஷயத்துக்குள் வந்தார்கள். முதலில் அவர்கள் பார்த்தது வயசானவர்களை இல்லை, பச்சைக் குழந்தைகளை. டொரோத்தி புரூட்டன் என்ற நர்சிங் பேராசிரியை, ஒன்றரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்த 79 குழந்தைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்து 1986-ல் வெளியிட்டார். ஒரு பகுதிக் குழந்தைகளை வழக்கப்படி எடை ஏறும் வரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். இன்னொரு பகுதியைச் சராசரியாக 11 நாள் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போகும்போது அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 200 கிராம் எடை குறைவு! கேட்கவே பயமாக இருக்கிறதல்லவா? ஆனால் சும்மா அனுப்பவில்லை. ஒரு தேர்ந்த நர்ஸ் தாய்க்கு முன்கூட்டியே எல்லாம் சொல்லிக் கொடுத்தார். பிறகு வீட்டுக்கே போய்ப் பார்த்தார். தாய் எப்போது போன் செய்தாலும் பதில் சொன்னார். முடிவு? இரண்டு பக்கக் குழந்தைகளின் நலத்திலும் வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை. நர்ஸ் வீட்டுக்குப் போன செலவையும் கழித்த பிறகு ஒரு குழந்தைக்கு 18,560 டாலர் மிச்சம்.

இதையே வயசானவர்களுக்கும் செய்து பார்த்தால் என்ன என்று கிளம்பினவர்தான் மேரி நெய்லர்.

குலுக்கிப் போட்டுப் பார்த்த ஆராய்ச்சி

அவருடைய ஆராய்ச்சிகளில் ரொம்பவும் பேசப்பட்டது 1999-ல் வெளியானது. பிலடெல்பியாவில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த, 65 வயதுக்கு மேற்பட்ட 363 பேரை எடுத்துக்கொண்டார். எல்லோருமே திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடக்கூடும் என்று கருதப்பட்டவர்கள்.

இவர்களை இரண்டாகப் பிரித்தது குலுக்கல் முறையில். நம் சீட்டுக் குலுக்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். “இந்தப் பாட்டி பாவம், இவங்களுக்கு நர்ஸ் கொடுக்கலாம்” என்று யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்படித் தேர்ந்தெடுத்தால், நல்லாத் தேறக்கூடியவர்கள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடலாம். பிறகு வந்த பலன் நர்சால் வந்ததா, ஆளால் வந்ததா என்று சொல்ல முடியாது. குலுக்கிப் போட்டால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள் வருவார்கள். நாளைக்கு யாராவது நம்மிடம் “இந்த லேகியம் சாப்பிட்டு நூறு பேருக்குக் குணமாச்சு” என்று விற்க வந்தால், “குலுக்கிப் போட்டுப் பாத்தீங்களா?” என்று கேளுங்கள். பதில் வராது!

சரி, விஷயத்துக்கு வருவோம். 186 பேருக்கு அந்த ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக என்ன உண்டோ அது. மீதி 177 பேருக்கு ஆளுக்கு ஒரு நர்ஸ். அதாவது ஒரு நோயாளியைக் கடைசி வரை ஒரே நர்ஸ் பார்ப்பார். மேல்படிப்பு முடித்து, முதியோர் நோய்களில் பழக்கப்பட்ட நர்ஸ். நோயாளி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் வந்து பார்க்க வேண்டும். படுத்திருக்கும் நாளெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போன இரண்டு நாளுக்குள் வீட்டுக்கே போக வேண்டும். பிறகு ஏழு முதல் பத்து நாளுக்குள் இன்னொரு தடவை, தேவைப்பட்டால் அதற்கு மேலும். வாரம் ஒரு தடவையாவது தானே போன் செய்து விசாரிக்க வேண்டும். வாரத்தில் ஏழு நாளும் நோயாளி கூப்பிட்டால் பேச வேண்டும். இப்படி 4 வாரம்.

பிறகு ஆறு மாதம், சரியாகச் சொன்னால் 24 வாரம், இரண்டு பக்கத்தையும் கவனித்தார்கள். வழக்கமான பக்கத்தில் 100-க்கு 37 பேர் ஒரு தடவையாவது மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். நர்ஸ் போன பக்கத்தில் 100-க்கு 20 பேர். ஒரு தடவைக்கு மேல் சேர்ந்தவர்கள் அந்தப் பக்கம் 14.5 சதவீதம், இந்தப் பக்கம் 6.2 சதவீதம். வீட்டுக்குப் போன பிறகு மெடிகேர் கொடுத்த தொகை அந்தப் பக்கம் சுமார் 12 லட்சம் டாலர், இந்தப் பக்கம் சுமார் 6 லட்சம். பாதிக்குப் பாதி!

ஊசி புதிதில்லை, மாத்திரை புதிதில்லை, மெஷின் புதிதில்லை. ஒரு ஆள் போய்ப் பார்த்தார், பேசினார், கேட்டார். அதற்குத்தான் இவ்வளவு பலன்.

அந்த நர்ஸ் வீட்டில் போய் என்னதான் செய்தார்?

இங்கேதான் நம் சகோதரிகள் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இதில் பாதியை நாமே வீட்டில் செய்யலாம்.

முதல் வேலை, வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் கொண்டுவரச் சொல்லி ஒரே இடத்தில் கொட்டிப் பார்ப்பது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் சாப்பிட்டது, ஆஸ்பத்திரியில் கொடுத்தது, இன்னொரு டாக்டர் எழுதியது, பக்கத்து வீட்டுக்காரர் நல்லாக் கேட்குது என்று கொடுத்தது, எல்லாமே இருக்கும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும். வயசானவருக்கு அது ஒரே மருந்து என்று தெரியாது. இது வெள்ளை, அது ரோஸ். இரண்டையும் முழுங்குவார். பிரஷர் மாத்திரை இரட்டையாகப் போனால் தலை சுற்றிக் கீழே விழுவார். விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு, மறுபடியும் ஆஸ்பத்திரி. இதற்கு எதிர்மாறும் உண்டு. “புதுசாக் கொடுத்திருக்காங்களே” என்று அவசியமான பழைய மாத்திரையை நிறுத்திவிடுவார். எது தொடர வேண்டும், எது நிற்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் யாராவது தெளிவாகச் சொன்னால்தானே தெரியும்!

அடுத்தது, அடையாளம் சொல்லிக் கொடுப்பது. இருதயம் பலவீனமானவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்லர் 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சி முழுக்க இவர்களைப் பற்றியதுதான். இருதயம் சரியாக அடிக்காதபோது உடம்பில் தண்ணீர் தங்கும். முதலில் கால் வீங்கும், செருப்பு இறுக்கும். பிறகு படுத்தால் மூச்சு முட்டும், தலையணை இரண்டு மூன்று வேண்டியிருக்கும். கடைசியில் நடுராத்திரியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பார்கள். குடும்பம் பதறி வண்டி பிடிப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். ஆனால் தண்ணீர் தங்குவதை அதற்குப் பல நாள் முன்னாலேயே எடை காட்டிக்கொடுக்கும். தினமும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். அன்றைக்கே டாக்டரிடம் சொன்னால் மாத்திரை அளவை மாற்றியே சரி செய்ய வழி உண்டு. இது ஒரு சின்ன விஷயம். தெரிந்தவருக்குச் சின்ன விஷயம், தெரியாதவருக்கு உயிர்.

மூன்றாவது, சாப்பாடு. “உப்பைக் குறைங்க” என்று எல்லா டாக்டரும் சொல்வார். ஆனால் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்ப்பவர் நர்ஸ்தான். அந்த ஊரில் டப்பாவில் அடைத்த சூப்பில் உப்பு ரொம்ப அதிகம். தனியாக இருக்கும் வயசானவர்கள் அதைச் சூடு பண்ணிக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். “நான் உப்பே போட்டுக்கிறதில்லை” என்றும் சொல்வார்கள். பொய்யில்லை, அவர்கள் போடவில்லைதான்! நம் வீட்டில் அந்த இடத்தில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. நோயாளியிடம் “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்பது நெய்லர் வகுத்த முறையில் ஒரு முக்கியமான வேலை. ஒருவருக்குப் பேத்தி கல்யாணத்துக்குப் போகணும். ஒருவருக்குத் தன் வேலையைத் தானே செய்துகொண்டால் போதும். அதை வைத்துக்கொண்டுதான் மருத்துவத்தையே திட்டம் போட வேண்டும் என்பது அவருடைய வழி. “நடக்கணும்” என்று பத்து தடவை சொல்லிக் கேட்காதவர், “கோயில் வரைக்கும் நடந்து போய்ட்டு வரணும்னா இதைச் செய்யணும்” என்றால் செய்வார். வீட்டில் பார்த்துக்கொள்கிறவரிடமும் நர்ஸ் உட்கார்ந்து பேசுவார். அந்த ஊரிலும் அது பெரும்பாலும் மகளோ மனைவியோதான். அங்கேயும் இதே கதைதான், என்ன செய்வது!

“புரிஞ்சுதா?” என்று கேட்பது போதாது

ஆஸ்பத்திரியில் “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? “புரிஞ்சுதுங்க.” தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, பக்கத்தில் இருப்பவரிடம் “என்ன சொன்னாங்க?” என்று கேட்போம். வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். அவர் கோபப்பட்டுவிடுவாரோ என்று பயம். நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவாரோ என்று வெட்கம்.

இது நமக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் 38 டாக்டர்களும் 74 சர்க்கரை நோயாளிகளும் பேசியதைப் பதிவு செய்து ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். நோயாளிகள் படிப்புக் குறைவானவர்கள். டாக்டர்கள் புதிதாகச் சொன்ன விஷயம் மொத்தம் 124. அதில் நோயாளிக்குப் புரிந்ததா, நினைவிருக்கிறதா என்று சரிபார்த்தது 15 விஷயத்தில் மட்டும்! சரிபார்த்துப் பேசிய டாக்டர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்ததையும் அதில் பார்த்தார்கள்.

சரிபார்ப்பது என்றால் எப்படி? திருப்பிச் சொல்லச் சொல்வது. அதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. “எங்கே, சொல்லுங்க பார்க்கலாம்” என்றால் பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்த மாதிரி ஆகிவிடும். பழகின நர்ஸ் இப்படிக் கேட்பார்: “நான் சரியாச் சொன்னேனான்னு தெரியலைம்மா. வீட்டுக்குப் போனதும் உங்க மருமக கேட்டா, இந்த மாத்திரையைப் பத்தி என்ன சொல்லுவீங்க?” பழி சொன்னவர் மேல் போய்விட்டது, கேட்டவருக்கு வெட்கம் இல்லை. பாட்டி சொல்ல ஆரம்பிக்கும்போதே எங்கே தப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும். “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மூச்சு வாங்கினா மட்டும்” என்பார். ‘மூச்சு வாங்கினா மட்டும்’ என்று யாரும் சொல்லவில்லை. அவராகச் சேர்த்துக்கொண்டது. இந்த ஒரு வார்த்தையை அங்கேயே பிடித்துத் திருத்தினால், மறுபடியும் வண்டி பிடிக்க வேண்டாம்.

நம்மிடம் யாரும் கேட்காவிட்டால் நாமே சொல்லலாம். “சார், நான் ஒரு தடவை சொல்றேன், சரியான்னு பாருங்க” என்று ஆரம்பித்தால் எந்த டாக்டரும் எந்த நர்சும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அரை நிமிஷம்தான் ஆகும். ‘இந்த மாத்திரை எதுக்கு? வீட்டில் இருக்கிற பழைய மாத்திரையைச் சாப்பிடலாமா? என்ன ஆனால் உடனே வரணும்? யாரைக் கேட்கணும், எந்த நம்பருக்கு?’ இந்த நாலையும் கேட்காமல் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு படி இறங்கக் கூடாது. எழுதத் தெரிந்த பெண் பிள்ளை ஒருத்தியைக் கூடவே அழைத்துப் போங்கள். கணக்கு நோட்டு எழுதும் கைகள் நம் குழுவில் எத்தனை இருக்கிறது!

டாக்டரும் நர்சும் ஆடிய ஆட்டம்

வீட்டுக்குப் போன நர்ஸ், “கால் வீங்கியிருக்கு, மாத்திரை அளவை ஏத்தணும்” என்று கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? டாக்டர் கேட்க வேண்டாமா? இந்த இடத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1967-ல் லியனார்டு ஸ்டீன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ‘டாக்டர் நர்ஸ் ஆட்டம்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். நர்சுக்கு நோயாளியைப் பற்றி நன்றாகத் தெரியும், என்ன செய்யலாம் என்றும் தெரியும். ஆனால் நேரடியாகச் சொல்லக் கூடாது. டாக்டருக்கே தோன்றின மாதிரி இருக்க வேண்டும். அதனால் சுற்றி வளைத்துக் கோடி காட்டுவார். டாக்டரும் நர்சிடம் கேட்கிற மாதிரித் தெரியாமல் கேட்டுக்கொள்வார். இரண்டு பேரும் வெளிப்படையாக மாறுபடக் கூடாது என்பதுதான் ஆட்டத்தின் முதல் விதி என்றார் அவர்.

படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஆட்டத்தை நாம் எத்தனை வருஷமாக வீட்டில் ஆடிக்கொண்டிருக்கிறோம்! “கிணத்து மோட்டாரை மாத்தணும்னு நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க?” என்று நம் யோசனையை அவர் யோசனையாக்கி விடுவதில்லையா? வீட்டில் சரி, சிரித்துக்கொண்டு போகலாம். ஆஸ்பத்திரியில் கோடி காட்டினது புரியாமல் போனால் நோயாளிக்கு ஆபத்து. 1990-ல் அதே ஸ்டீன் வேறு சிலரோடு சேர்ந்து மறுபடியும் எழுதினார். நர்சுகள் இந்த ஆட்டத்தை விட்டுவிட்டார்கள் என்றார். டாக்டர்கள் விட்டுவிட்டார்கள் என்று சொல்லவில்லை!

இதற்கும் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹில்டகார்டு பெப்ளாவ் என்ற நர்ஸ், அதே பென்சில்வேனியா மாநிலத்தில் 1909-ல் பிறந்தவர், நர்சுக்கும் நோயாளிக்கும் இடையில் உள்ள பேச்சும் உறவுமே ஒரு சிகிச்சைதான் என்று ஒரு புத்தகம் எழுதினார். எழுதி முடித்தது 1948-ல். வெளிவந்தது 1952-ல். ஏன் இத்தனை நாள்? ஒரு டாக்டர் பெயரையும் சேர்த்துப் போடாமல் நர்ஸ் ஒருவர் தனியாகப் புத்தகம் போடுவதா என்று அந்தக் காலத்தில் தயங்கினார்களாம்.

நெய்லர் வந்த காலத்தில் நிலைமை எவ்வளவோ தேவலை. அவருடைய முறையில் நர்ஸ் கோடி காட்டுவதில்லை, நேராகப் பேசுகிறார். 2004 ஆராய்ச்சியில், வீட்டுக்குப் போன நோயாளி முதல் தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நர்சும் கூடவே போவார். டாக்டர் கேட்கும் கேள்விக்கு நோயாளி மறந்துவிட்டதை எடுத்துக் கொடுப்பார், டாக்டர் சொன்னதை நோயாளிக்கு விளக்குவார். ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர், ஊர் டாக்டர் இன்னொருவர், சர்க்கரைக்கு வேறொருவர் என்று இருக்கும்போது, மூன்று பேர் எழுதியதையும் தெரிந்த ஒரே ஆள் அந்த நர்ஸ்தான். அந்த ஆராய்ச்சியில் இருதய பலவீனம் உள்ள 239 பேர், 6 ஆஸ்பத்திரிகள். நர்ஸ் மூன்று மாதம் கூட இருந்தார். ஒரு வருஷம் கணக்குப் பார்த்ததில், வழக்கமான பக்கத்தில் மறுபடியும் சேர்ந்தது 162 தடவை, நர்ஸ் இருந்த பக்கத்தில் 104 தடவை. ஆளுக்கு ஆன செலவு அந்தப் பக்கம் சராசரி 12,481 டாலர், இந்தப் பக்கம் 7,636 டாலர்.

நல்லது என்று தெரிந்தும் ஏன் செய்யவில்லை?

இவ்வளவு பலன் என்றால் எல்லா ஆஸ்பத்திரியும் ஓடி வந்து செய்திருக்க வேண்டுமே? செய்யவில்லை. பல வருஷம் செய்யவில்லை. காரணம் காசு. நர்சுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரி. மிச்சமாவது மெடிகேர் பணம். அதுமட்டுமா? நோயாளி திரும்பி வந்தால் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு முழுத் தொகை கிடைக்கும். அப்படியானால் வராமல் தடுக்கத் தன் கைக்காசைப் போட்டு நர்ஸ் வைப்பவர் யார்? கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். கணக்கு அப்படி அமைந்துவிட்டது. செலவு ஒருவர் தலையிலும் லாபம் இன்னொருவர் பையிலும் இருந்தால் எந்த நல்ல காரியமும் நகராது. குழு நடத்தும் நமக்கு இது தெரியாததா?

2009-ல் மெடிகேர் கணக்குகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன ஐந்து பேரில் ஒருவர் ஒரே மாதத்துக்குள் திரும்பி வருகிறார் என்று தெரிந்தது. ஆபரேஷன் இல்லாத நோய்க்குப் படுத்துவிட்டு அப்படித் திரும்பினவர்களில் பாதிப் பேர் இடையில் ஒரு டாக்டரையும் பார்த்ததாகக் கணக்கே இல்லை. பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. 2012 அக்டோபர் முதல், நோயாளிகள் அளவுக்கு மீறித் திரும்பி வரும் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கும் தொகையில் பிடித்தம் செய்ய ஆரம்பித்தார்கள். 2013 ஜனவரி முதல், வீட்டுக்குப் போன இரண்டு வேலை நாளுக்குள் நோயாளியோடு தொடர்பு கொண்டு, இரண்டு வாரத்துக்குள் பார்த்தால் அதற்குத் தனியாகப் பணம் என்றும் கொண்டுவந்தார்கள். நெய்லரின் 1999 ஆராய்ச்சிக்கும் இதற்கும் நடுவே 13 வருஷம் ஓடிவிட்டது.

ஆராய்ச்சியின் குறைகளையும் சொல்ல வேண்டும். 1999 ஆராய்ச்சியில் நர்ஸ் போனவர்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவது குறைந்ததே தவிர, அவர்களுடைய நடமாட்டமோ மனச்சோர்வோ மற்ற பக்கத்தைவிடத் தெளிவாக மேம்படவில்லை. 2004-லும் வாழ்க்கை கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்ற நிலை சில மாதத்துக்கு மேல் நீடிக்கவில்லை. இன்னொன்று. ஆராய்ச்சியில் சேர இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும், போனில் பிடிக்கக்கூடியவராக இருக்க வேண்டும், தெளிவான நினைவோடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். பாஷை தெரியாதவர், போன் இல்லாதவர், நினைவு தப்பினவர், இவர்களுக்குத்தானே நர்ஸ் ரொம்பவும் தேவை? நினைவு குறைந்த முதியவர்களையும் சேர்த்து நெய்லர் குழு பிற்பாடு ஆராய்ச்சி செய்தது. ஆனாலும் முதல் கணக்கைப் படிக்கும்போது, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என் மனசில் வந்து நிற்கத்தான் செய்கிறார்கள்.

நம் ஊரில்

நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது உங்களுக்குத் தெரியும். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். அவர்கள் நம் சுய உதவிக் குழுக்களிலிருந்து போனவர்கள்! படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க நர்சும், உடற்பயிற்சி கொடுப்பவரும் வருகிறார்கள். இது நெய்லரின் முறை இல்லை. அவருடையது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தொடங்கி, மேல்படிப்புப் படித்த நர்சை வைத்துச் செய்வது. நம்முடையது வீட்டிலிருந்து தொடங்குகிறது. ஆனால் வாசல்படி ஏறிப் போய்ப் பேசுகிறவர் ஒரு பெண், அதில் இரண்டும் ஒன்றுதான்.

அந்தச் சகோதரிகளில் யாராவது இதைப் படித்தால், மாத்திரை கொடுக்கும்போது ஒரு நிமிஷம் உட்கார்ந்து, “இதை எப்படிச் சாப்பிடறீங்க, சொல்லுங்க பாட்டி” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மாத்திரை டப்பா அலமாரியில் எங்கே இருக்கிறது, போன மாதத்து அட்டை காலியாகிவிட்டதா, மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சம் இருந்தால் திட்டாதீர்கள். ஏன் சாப்பிடவில்லை என்று கேளுங்கள். தலை சுற்றுகிறது என்பார், மறந்துவிட்டேன் என்பார், “நல்லாத்தானே இருக்கேன்” என்பார். இந்த மூன்றுக்கும் மூன்று விதமான பதில் இருக்கிறது. தலை சுற்றினால் அதை நர்சிடமோ டாக்டரிடமோ சொல்ல வேண்டும். மறந்தால் காலைக் காப்பியோடு சேர்த்து வைக்கச் சொல்லலாம். நல்லாத்தானே இருக்கேன் என்பவரிடம்தான் கொஞ்சம் அதிக நேரம் உட்கார வேண்டியிருக்கும், ஏனென்றால் மாத்திரையால்தான் நல்லா இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

வரும் மாதக் கூட்டத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து சமீபத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஊக்குநர்கள் கேட்டு எழுதி வையுங்கள். வீடு திரும்பின இரண்டு நாளுக்குள் பக்கத்தில் உள்ள உறுப்பினர் ஒருவர் போய், டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரைகளையும் பார்த்துவிட்டு வரலாம். சந்தேகம் இருந்தால் நாமாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ சொல்லக் கூடாது. சீட்டையும் மாத்திரையையும் அப்படியே பையில் போட்டு, கிராம சுகாதார நர்சிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்ட வேண்டும்.